பக்ரீத் தோல்

ஜெஸ்டன் தன் மனைவியோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு வேளை சும்மா இருக்கும் கோபம் அல்ல இது. அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அவன் தன் அம்மாவிடம் சொன்னான். அதுவும் அவள் பக்கத்திலேயே நிற்கும்போது.

“மா, ப்ளூ சட்டை இஸ்திரி போட்டாச்சான்னு கேளு.”

பொன்மலர் கேட்கவில்லை. கேட்டுச் சொல்ல வேண்டிய அளவு தூரத்தில் மருமகள் இவாஞ்சலின் இல்லை. அவள் சட்டையைக் கொண்டுவந்து நாற்காலியின் முதுகில் போட்டாள். நாற்காலியே அதைக் கொடுத்தது போல அவன் எடுத்துக்கொண்டான்.

பெங்களூரிலிருந்து போன் வந்த நாள் முதல் வீடு இப்படித்தான் இருக்கிறது. எப்படியாவது ஆம்பூரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று ஒரு பெங்களூர் கம்பெனியின் தேர்வுக்கு விண்ணப்பித்தது ஜெஸ்டன்தான். வெளிநாட்டு வங்கிகளும் பெரிய கடைகளும் அனுப்பும் எண்களை அலசி, எது ஏன் நடக்கிறது என்று சொல்லும் கம்பெனி அது. தேர்வு நடந்த சென்னைக்குத் தனியாகப் போவானேன் என்று அவளையும் கூட்டிப்போனான். “நீயும் சும்மா எழுது. வெளிய உக்காந்து எறும்பு எண்ணிக்கினு இருப்பியா” என்று சிரித்தபடி அவள் பெயரையும் சேர்த்து அனுப்பினான். ஒரே ஹாலில் இருவரும் எழுதினார்கள். எம்.சி.ஏ. முடித்து, ஷூ ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் பிரிவைத் தனியாளாகத் தாங்கிக்கொண்டிருந்த அவனை அவர்கள் கூப்பிடவில்லை. எம்.ஏ. எகனாமிக்ஸ் முடித்து, வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த அவளைக் கூப்பிட்டார்கள்.

“அவன் கம்ப்யூட்டர் படிச்சவன். இவ இன்னா படிச்சா? நாட்ல பஞ்சம் ஏன் வந்துச்சுன்னு படிச்சா” என்று பொன்மலர் சர்ச் வாசலில் ரெனிட்டா டீச்சரிடம் சொன்னது, ஆராதனை முடிந்து வெளியே வந்த எல்லோர் காதிலும் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னாள்.

இன்று மத்தியானம் அந்தக் கம்பெனிக்காரர்கள் போனிலேயே இவாஞ்சலினை இன்டர்வியூ செய்யப்போகிறார்கள். இன்றைக்கே மத்தியானத்துக்கு மேல் ஜெஸ்டனுக்கு முதலாளி அஹமது பாஷாவோடு மீட்டிங். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்ததில் யார் குற்றமும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அதுவும் அவள் குற்றமாகத்தான் இருந்தது.

மீட்டிங்குக்கான அறிக்கை சாப்பாட்டு மேஜையின் மேல் கிடந்தது. ஜெர்மனிக்காரர்களின் ஆர்டர் குறைந்துவிட்டதால் தோல் வெட்டும் மேஜைகளில் ஒன்றை மூடிவிடுவது என்று ஃபேக்டரியில் முடிவாகியிருந்தது. எந்த மேஜை தோலை அதிகமாக வீணாக்குகிறது என்று கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல் என்று பாஷா சொல்லியிருந்தார். சரியாகச் சொன்னால் ஜெஸ்டனுக்கு மேனேஜர் நாற்காலி. பெங்களூர் கைவிட்ட பிறகு அவனுக்கு மிஞ்சியிருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

தட்டை எடுக்கக் குனிந்தவள் அந்தத் தாளைப் பார்த்தாள். வாரவாரியாக வண்ணக் கம்பங்கள். மூன்றாம் மேஜைக்குச் சிவப்பு. மூன்றாம் மேஜை ஷபீ அஹமதுவுடையது. ஷபீயின் மனைவி பில்கிஸ் இவர்களுக்குப் பக்கத்து வீடு. துணி காயவைக்கும் கொடி இரண்டு வீட்டுக்கும் பொது.

மூன்றாம் மேஜைதான் ஃபேக்டரியிலேயே மோசம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. அவள் கண் அந்த வரியில் நிற்கவில்லை. சிவப்புக் கம்பங்கள் வருஷம் முழுக்க மற்ற மேஜைகளுக்குச் சமமாகவே இருந்தன. வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் சில வாரங்களுக்குத் திடீரென்று எழுந்து நின்றன. மொத்தக் கணக்கையும் கெடுத்தது அந்தச் சில வாரங்கள்தான். முதல் வருஷம் அந்த மேடு மே மாத நடுவில் இருந்தது. அடுத்த வருஷம் கொஞ்சம் முன்னால். அதற்கடுத்தது இன்னும் முன்னால். இந்த வருஷம் ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

மழைக்காலம் நகராது. கிறிஸ்துமஸ் ஆர்டர் நகராது. தீபாவளி நகரும், ஆனால் முன்னும் பின்னுமாக ஊசலாடும். இதுவோ ஒரே பக்கமாக நகர்கிறது.

“தோலு எந்த மேஜைக்குப் போவணும்னு யாரு முடிவு பண்றாங்க?” என்று அவள் கேட்டாள். கேட்டது அவனை. பதில் வந்தது அம்மா பக்கமாக.

“இன்டர்வியூ மத்தியானம்தானே மா? இப்பவே ஆரம்பிச்சிட்டாங்களா?”

“வேலைக்குப் போற ஆம்பளைய வாசல்ல நிறுத்திக் கேள்வி கேக்காத, இவா” என்றாள் பொன்மலர். ஜெஸ்டன் தாள்களை உறையில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தான். மதியச் சாப்பாட்டுக்கு வருவானா மாட்டானா என்று அம்மாவிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு அவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு ஒன்று. நீண்ட நாளாகத் திறக்காத ஒரு பெட்டியைத் திறந்தாற்போல உள்ளே ஒரு பரபரப்பு. எம்.ஏ. இரண்டாம் வருஷத்தில் அரிசி விலையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அவள் திண்டாடியிருக்கிறாள். எது பருவத்தால் ஏறியது, எது பண்டிகையால் ஏறியது, எது உண்மையிலேயே ஏறியது என்று பிரித்துக் காட்டினால்தான் அந்தப் பாடத்தில் தேற முடியும். அந்தப் பழைய பசி இப்போது தோசைக்கல் முன்னால் வந்து நின்றது. யாருடைய பிழைப்பு ஜெஸ்டனின் தாளில் இருக்கிறது என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசை அவளுக்கே பிடிக்கவில்லை.

பில்கிஸ் பின்வாசல் வழியாக வந்தாள். எப்போதும் கூப்பிட்டுக்கொண்டே வருபவள் இன்று வாய் திறக்காமல் வந்து நின்றாள். தலையில் துப்பட்டா சரியாக இல்லை. ராத்திரி முழுக்க ஷபீ தூங்கவில்லையாம். மத்தியானம் முதலாளி அறைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் மேஜைதான் போகிறது என்று ஃபேக்டரி முழுக்கப் பேச்சு.

“உங்க வூட்டுக்காரருதான் எழுதிக் குடுத்தாராமே.”

இவாஞ்சலின் அடுப்பைத் தணித்தாள்.

“ஒரு பக்ரீத்துக்காவது எங்க வூட்டுத் தட்டு உங்க வூட்டுக்கு வராம இருந்திருக்கா, இவா? எங்க தட்டுல தின்ன கைதானே அத எழுதுச்சு.”

அந்தச் சொல் கன்னத்தில் அறைந்தது போல விழுந்தது. அதே நேரம், வெட்கமில்லாமல், அவள் மனம் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டது. கல்யாணமாகி வந்த புதிதில் பக்ரீத் தட்டு பொங்கல் முடிந்து வந்தது. அடுத்த வருஷம் பொங்கலுக்கு முன்னால். இந்த வருஷமோ புத்தாண்டு அன்றைக்கே. நள்ளிரவு ஆராதனைக் களைப்பில் படுத்தவர்களைக் காலையில் எழுப்பியதே பில்கிஸ் வீட்டுக் கறித்தட்டுதான். பக்ரீத் ஒவ்வொரு வருஷமும் முன்னால் நகர்கிறது. ஒரே பக்கமாக.

“அக்கா, பக்ரீத்துல எடுக்கிற தோலு ஃபேக்டரிக்கு எப்ப வரும்?”

பில்கிஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “மதரஸாவுக்குக் குடுத்து, டேனரிக்காரன் எடுத்து, பதம் பண்ணி வர மூணு நாலு மாசம் ஆவும். ஏன்?”

புத்தாண்டிலிருந்து எண்ணினால் ஏப்ரல். “வந்தா எந்த மேஜைக்குப் போவும்?”

“இவரு மேஜைக்குத்தான். வேற யாரு அத வெட்டுவாங்க? ஒரே நாள்ல ஊரெல்லாம் குர்பானி. கசாப்புக்காரன் கெடைக்காம கண்டவனும் கத்தி எடுக்கிறான். தோலு முழுக்க வெட்டுக்காயம். அதுல நல்ல எடமா பாத்து ஷூவுக்கு வெட்டி எடுக்கணும்னா பழைய கை வேணும். வருஷா வருஷம் இவருக்குத்தான் வரும். தெருவுல போறவனக் கேட்டாலும் சொல்வான். இத ஏன் இப்ப கேக்கற?”

தெருவில் போகிறவனுக்கும் தெரிந்தது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அதை யாரும் கம்ப்யூட்டருக்குச் சொல்லவில்லை.

மோசமான தோல் எல்லாம் நல்ல கைக்குப் போகிறது. அதனால் நல்ல கையின் கணக்கில்தான் வீண் அதிகம். ஜெஸ்டனின் எண்கள் ஒன்றும் தப்பில்லை. அவை சொல்வதாக அவன் எழுதியதுதான் தப்பு. பில்கிஸிடம் ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு இவாஞ்சலின் டெலிபோன் பக்கம் போனாள். கம்ப்யூட்டர் அறை நம்பர் அவளுக்கு மனப்பாடம். ரிசீவரை எடுத்தாள். பெங்களூரிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், லைன் காலியாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. வைத்துவிட்டாள்.

பொன்மலர் எல்லாவற்றையும் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உன் வேலைய நீ பாரு. அவன் ஃபேக்டரில மூக்க நுழைக்காத.”

“நுழைக்கல அத்தை. உங்களுக்கு நடந்ததுதான் இப்ப ஷபீ அண்ணனுக்கு நடக்குது.”

பொன்மலர் வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பிழைப்பார்களா என்று சந்தேகமான நோயாளிகளை எல்லாம் பொன்மலர் வார்டில் போடு என்று டாக்டர்கள் சொல்லும் அளவுக்குப் பேர் வாங்கியவள். மேலேயிருந்து வந்த ஒரு புது அதிகாரி, சாவு அதிகம் விழும் வார்டு இதுதான் என்று ஒரு வருஷக் கணக்கை எடுத்து வைத்து, அவளைப் புறநோயாளிப் பிரிவில் சீட்டு கொடுக்க உட்காரவைத்தார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவள் ஊசியைத் தொடவில்லை. வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

இவாஞ்சலின் எடுத்துவிட்டாள். பொன்மலரின் முகம் சாம்பல் பூத்தது.

“என் வார்டை உன் படிப்புக்குள்ள இழுக்காத” என்றாள். குரல் உயரவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அப்போது டெலிபோன் அடித்தது.

ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஆங்கிலம் தடங்கலில்லாமல் அந்தப் பக்கத்திலிருந்து வழிந்தது. முதலில் பேர், ஊர், படிப்பு. பிறகு அந்த ஆண், எஞ்சினியர்களே வரிசையில் நிற்கும்போது எகனாமிக்ஸ் படித்தவர் எங்களுக்கு எதற்கு என்று கேட்டார். எகத்தாளமில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது.

மாமியாரும் சர்ச்சும் ஊரும் இத்தனை நாளாகக் கேட்ட கேள்விதான். இதுவரை யாரும் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. இவர் காத்திருந்தார்.

அவள் சொன்னாள். கணக்குப் போடும் முறைகளை எஞ்சினியர்கள் சில மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். எங்களுக்கு இரண்டு வருஷம் வேறு ஒன்றைப் போட்டுப் போட்டு அடித்தார்கள். உலகம் ஆய்வுக்கூடம் இல்லை. இங்கே யாரும் சீட்டுக் குலுக்கிப் போட்டு எதையும் பிரிப்பதில்லை. மனிதர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அனுப்பப்படுகிறார்கள், ஒளிகிறார்கள். ஒரு வங்கியின் கணக்கில் கடன் கிடைத்தவர்கள்தான் இருக்கிறார்கள், மறுக்கப்பட்டவர்கள் இல்லை. அந்தக் கணக்கை வைத்து எல்லோரையும் பற்றிப் பேசினால் தப்பு வரும். எண் என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால், இந்த எண் இங்கே எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்கப் பழக்கினார்கள்.

புத்தகத்தில் இல்லாத உதாரணம் ஒன்று சொல்லுங்கள் என்றார் அவர்.

அவள் தயங்கியது ஒரு மூச்சு நேரம்தான். பிறகு ஷூ ஃபேக்டரியைச் சொன்னாள். மேஜைகளை, நகரும் பண்டிகையை, கத்தி பட்ட தோலை, நல்ல கையை எல்லாம் சொன்னாள். எப்படிச் சரியாகச் செய்திருக்கலாம் என்று கேட்டார்கள். பக்ரீத் தோல் வந்த வாரங்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். முடிந்தால் ஒரு வருஷம் அந்தத் தோலைச் சீட்டுப் போட்டு எல்லா மேஜைக்கும் பங்கிட்டுப் பார்க்கலாம் என்றாள். சொல்லச் சொல்ல உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படி முழு வாக்கியமாக அவள் பேசியதில்லை.

கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதத் தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டார்.

தெரியும், நானே புத்தகம் பார்த்துப் படித்தேன் என்றாள்.

அந்த அறிக்கையைத் தயாரித்தது யார் என்று ஆண் கேட்டார். ஒரு சாதாரணப் புரோகிராமர் என்றாள். அந்தப் பக்கம் மெல்லச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நல்ல செய்தி சீக்கிரம் வரும் என்று சொல்லி வைத்தார்கள்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் ஜெஸ்டன். ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொன்று கையில்.

எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று அவள் கேட்கவில்லை. அவன் முகத்திலேயே தெரிந்தது.

“புக்கு பாத்துப் படிச்சியா?” என்றான். நாள்கணக்கில் பேசாமலிருந்தவன் முதல்முதலாக அவளைப் பார்த்து நேராகப் பேசிய வார்த்தை அது. “புக்கு யாருது? டெய்லி வேலை முடிஞ்சு வந்து உன்ன பக்கத்துல உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தது யாரு?”

கல்யாணமான புதிதில் அது நடந்தது. ஒரே நாற்காலியில் இருவரும் பாதிப் பாதியாக உட்கார்ந்து, அவள் எழுதிய முதல் புரோகிராம் ஓடியபோது அவன் அவள் தலையில் செல்லமாகக் குட்டியது அவளுக்கு நினைவிருந்தது. போனில் கேட்ட நேரத்தில் மட்டும் அது நினைவில் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டாளோ என்னவோ.

“அந்த சாதாரணப் புரோகிராமர்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாமே. அவனுங்க கிட்ட சொல்றதுக்கு முன்னாடி.”

“காலையில கேட்டேன்.”

“கேட்ட. சொல்லல.”

“காலையில எனக்கே தெரியாது. அப்பறம்தான் தெரிஞ்சுது.”

“அப்பறம் போன் இல்லையா இங்க?”

அவள் டெலிபோனைப் பார்த்தாள். லைன் காலியாக இருக்கட்டும் என்றுதான் வைத்தேன் என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. ஆனால் ரிசீவரை வைத்தபோது மனசின் ஓரத்தில், இது நல்ல உதாரணம், இது எனக்கு வேண்டும் என்று ஒரு குரல் சொன்னதை அவள் கேட்டிருந்தாள். புதுப் புடவையை விசேஷத்துக்கென்று மடித்து எடுத்து வைப்பதுபோல, புருஷனின் தப்பை எடுத்து வைத்திருந்தாள். பில்கிஸுக்காகச் சொன்னேன் என்று இனிமேல் அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

“நான் சொன்னது தப்பா?” என்றாள். அவனைத் தோற்கடிக்க அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். “பக்ரீத் தோலு ஷபீ அண்ணன் மேஜைக்குப் போவுதா இல்லையா?”

“போவுது. வாட்ச்மேனுக்கே தெரியும். எனக்குத் தெரியாதா?” என்று கத்தினான். “ஆனா அது கம்ப்யூட்டர்ல இல்ல.”

சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்தவன்போல நின்றான். கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தான்.

பொன்மலர் சமையலறையிலிருந்து வந்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே மகனைப் பார்த்துப் பேசினாள்.

“என்ன சீட்டு குடுக்க உக்கார வெச்சானே, அவனும் உன்ன மாதிரி நல்லாப் படிச்சவன்தான், ஜெஸ்டன். அவன் கணக்குலயும் அது இல்ல.”

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். “நீ ஒண்ணும் யோக்கியம்னு நெனைச்சிக்காத. கட்டினவன வித்து வேலை வாங்கியிருக்க. எனக்கு ஒண்ணும் புரியாதுன்னு நெனைச்சியா? எனக்கும் இங்கிலீஷ் தெரியும்.”

அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. தட்டுகள் கவிழ்த்தபடியே இருந்தன. ரிப்போர்ட் காலையிலேயே முதலாளி மேஜைக்குப் போய்விட்டது என்றான் ஜெஸ்டன். இப்போது போய் அது தப்பு என்று சொன்னால், பெண்டாட்டி திருத்திவிட்டாள் என்று ஃபேக்டரி முழுக்கச் சிரிக்கும். மேனேஜர் நாற்காலி கனவிலும் வராது. இதை எல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னான். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

“வா” என்றான் அவளைப் பார்த்து.

“எங்க?”

“மொதலாளி முன்னாடி வந்து நீயே சொல்லு. அந்தப் பெங்களூர்க்காரனுங்க கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. என் புருஷன் தப்பா போட்டான்னு உன் வாயால சொல்லு. ஷபீக்கு நல்லது நடக்கட்டும்.”

அது அழைப்பல்ல, சவால். வரமாட்டாள் என்று நம்பித்தான் சொன்னான். வரமாட்டேன் என்று சொன்னால் அவன் பக்கம் நியாயம் வந்துவிடும். இத்தனை பேசிவிட்டு ஷபீ போகட்டும் என்று விட்டவள் ஆகிவிடுவாள். அவள் செருப்பை மாட்டினாள்.

பைக்கில் இருவருக்கும் நடுவே அவள் கைப்பையை வைத்துக்கொண்டாள். டேனரிகள் வரிசையாக இருக்கும் ரோட்டில் வழக்கமான நாற்றம் வந்தபோது மட்டும் முந்தானையை மூக்கில் வைத்தாள்.

முதலாளி அறைக்கு வெளியே பெஞ்சில் ஷபீ அஹமது உட்கார்ந்திருந்தார். தாடியில் நரை, விரல்களில் கத்தி பிடித்த காய்ப்பு. அவளைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கம்மா, இன்னா இந்தப் பக்கம்” என்று சிரித்தார். ஜெஸ்டனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஜெஸ்டன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

அஹமது பாஷா வெள்ளை ஜிப்பாவில் இருந்தார். மேஜைமேல் அந்த அறிக்கை மட்டும் கிடந்தது. நம்ம ஜெஸ்டன் சம்சாரமா, உட்காரம்மா என்று டீ சொல்லி அனுப்பினார். ஜெஸ்டன் உட்காரவில்லை.

“சார், ரிப்போர்ட்ல ஒரு தப்பு இருக்கு. என் வைஃப் சொல்லுவாங்க.”

வைஃப் என்ற சொல்லில் இருந்த முள் அவளுக்குக் குத்தியது. பெங்களூருக்குச் சொன்னது போலச் சொல்ல அவளால் முடியவில்லை. எண்கள் எல்லாம் சரி என்றாள். எந்தத் தோல் எந்த மேஜைக்குப் போனது என்று யாரும் இவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை, அதனால்தான் இப்படி வந்துவிட்டது என்றாள். பக்ரீத் தோல் வாரங்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஷபீயின் மேஜை எந்த மேஜைக்கும் குறைந்ததில்லை என்றாள். எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் சொல்லிக் கொடுத்ததே இவர்தான் என்றும் சேர்த்துக்கொண்டாள். சொன்ன பிறகுதான், அது எவ்வளவு தாமதமாக வந்த வார்த்தை என்று உறைத்தது. ஜெஸ்டன் தலையைத் தூக்கவில்லை.

பாஷா குறுக்கே பேசாமல் கேட்டார். டீ வந்தது. டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

“பக்ரீத் தோலு ஷபீ மேஜைக்குத்தான் போவணும்னு சொன்னது யாருன்னு நெனைக்கிறம்மா? நான்தான்.”

எடுக்கப்போன டம்ளரை அவள் மேஜையிலேயே விட்டாள்.

“அப்ப ஏன் சார் இவருகிட்ட ரிப்போர்ட் கேட்டீங்க?”

“ஒரு மேஜைய மூடியே ஆவணும். ஆர்டர் கம்மி. ஷபீ மேஜையில எல்லாம் பழைய ஆளுங்க, எனக்கு பாரம் ஜாஸ்தி. நானா மூடினா நாளைக்கு கேட்ல பேஜார் ஆவும், பள்ளிவாசல்ல ஒருத்தன் மூஞ்சிய பாக்க முடியாது. கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னா? அதோட யாரு சண்டைக்குப் போவாங்க?” அவர் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. “நீ நல்லாப் படிச்சிருக்க. கணக்கு சரியான்னு பாக்க கத்துக் குடுத்திருக்காங்க. கணக்கு எதுக்குக் கேக்கறாங்கன்னு கத்துக் குடுக்கலையா?”

கற்றுக்கொடுத்திருந்தார்கள். இதனால் யாருக்கு என்ன லாபம் என்பதுதான் முதல் வகுப்பின் முதல் கேள்வி. காலையிலிருந்து அவள் எல்லாக் கேள்வியும் கேட்டாள். இந்த ஒன்றை அஹமது பாஷாவைப் பற்றியும் கேட்கவில்லை. டெலிபோன் பக்கத்தில் நின்றபோது தன்னைப் பற்றியும் கேட்கவில்லை.

பாஷா அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஜெஸ்டன் பக்கம் தள்ளினார். அதன்மேல் தன் பேனாவை வைத்தார்.

“தயார் பண்ணவன் கையெழுத்து இல்லாம இருக்கு பாரு. போட்டுக் குடு. ஒண்ணாம் தேதிலேர்ந்து நீ மேனேஜர். அப்பறம் ஷபீய உள்ள வரச் சொல்லு.”

ஜெஸ்டன் அவளைப் பார்த்தான். கேட்பது போலவும் இல்லை, மன்னித்தது போலவும் இல்லை. நீ மட்டும் இன்றைக்கு என்ன செய்தாய் என்ற பார்வை அது. போட்டுவிடு என்று சொல்ல அவளுக்கு வாயில்லை. போடாதே என்று சொல்ல அவளுக்கு உரிமையில்லை. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவன் குனிந்து பேனாவை எடுத்தான்.

அவன் கையெழுத்து அவளுக்குத் தெரியும். ஒரு சுழிப்பு, அடியில் ஒரு கோடு, அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். தாளின்மேல் பேனா உரசும் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அது நிற்கவில்லை. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போனது. பாஷா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்ற பிறகும், அவன் நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தான்.